நகராட்சித் திட்டங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

மன்றக் கூட்டத்தில் ஒரு கவுன்சிலர் எழுந்து தன் வார்டுக்குப் பாதாளச் சாக்கடை கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் “நிதி இல்லை” என்பதுதான். இந்தப் பதிலுக்குப் பின்னால் இரண்டு வெவ்வேறு நிலைமைகள் இருக்கலாம். சம்பளம், ஓய்வூதியம், மின்கட்டணம், குப்பை அள்ளும் செலவு எல்லாம் போக ஆண்டு முடிவில் ஒன்றுமே மிஞ்சாத நகராட்சி ஒரு வகை. ஆண்டுக்கு ஒரு கோடியோ இரண்டு கோடியோ மிஞ்சுகிறது, ஆனால் திட்டத்துக்குத் தேவையான முப்பது கோடி ஒரே நேரத்தில் கையில் இல்லை என்பது இன்னொரு வகை. இரண்டாவது வகைக்குக் கடன் நல்ல வழி. முதல் வகைக்குக் கடன் கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

எனவே, பணம் திரட்டும் எந்த வழியைப் பற்றிப் பேசினாலும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இன்று ஒப்பந்ததாரருக்குப் பணம் தருவது யார்? கடைசியில் அந்தப் பணத்தைச் சுமப்பது யார்? வங்கி, கடன் பத்திரம், உலக வங்கி, தனியார் நிறுவனம் ஆகியவை முதல் கேள்விக்கு மட்டுமே விடை. இரண்டாவது கேள்விக்கு உலகத்தில் மூன்றே விடைகள்தான் உண்டு: வரி கட்டுபவர், சேவையைப் பயன்படுத்திக் கட்டணம் கட்டுபவர், மானியம் கொடுக்கும் மேல் அரசு. அந்த மானியமும் வேறு யாரோ கட்டிய வரிதான்.

1992-இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் நகர உள்ளாட்சிகளுக்குத் தனி இடம் கொடுத்தது. ஆனால் எந்த வரியை நகராட்சி வசூலிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் மாநிலச் சட்டமன்றத்திடமே இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்போது நடப்பில் இருப்பது 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும், 2023-இல் வந்த அதன் விதிகளும். நகராட்சி விரும்பினாலும் சட்டத்தில் இல்லாத புது வரி ஒன்றைப் போட முடியாது. இருப்பதை ஒழுங்காக வசூலிப்பதில்தான் அதன் சாமர்த்தியம் இருக்கிறது.

சொத்து வரி

நகராட்சியின் சொந்த வருவாயில் முதுகெலும்பு இதுதான். கட்டடத்தின் பரப்பு, இருக்கும் பகுதி, பயன்பாடு, கட்டட வகை, வயது ஆகியவற்றை வைத்து ஆண்டு வாடகை மதிப்பு ஒன்று கணக்கிடப்படுகிறது. அதில் குறிப்பிட்ட சதவீதம் வரியாகிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னோர் அரையாண்டு. அரையாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, ஆனால் ₹5,000-க்கு மேல் போகாது. தாமதித்தால் மாதத்துக்கு 1 சதவீதம் கூடுதலாகச் சேரும்.

தமிழ்நாட்டு நகராட்சிகளில் கட்டும் ஒரே சொத்து வரி ரசீதுக்குள் பொது வரி, குடிநீர் மற்றும் வடிகால் வரி, கல்வி வரி என்று பல கூறுகள் இருக்கின்றன. அவை தனித்தனி நிதிக்கணக்குகளுக்குப் போகும். குடிநீர் மற்றும் வடிகால் நிதியில் இருப்பதை எடுத்துத் தெருவிளக்குப் போடுவது முறையல்ல. நடைமுறையில் ஒரு நிதியிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்று வாங்கித் திருப்பித் தராமல் விடுவதுண்டு. தணிக்கை அறிக்கையில் இது வந்துகொண்டே இருக்கும்.

வரியில் கோளாறு வரும் இடங்கள் பெரும்பாலும் மூன்று. வீடு என்று பதிவான கட்டடத்தில் கடை நடக்கும். தரைத்தளத்துக்கு மட்டும் வரி இருக்கும், மேலே இரண்டு மாடி எழும்பியிருக்கும். இவை களத்தில் அளந்து பார்த்தால் சரியாகிவிடும். பல நகரங்களில் ட்ரோன் படத்தையும் மின் இணைப்புப் பட்டியலையும் வரிப் பதிவேட்டோடு ஒப்பிட்டு விடுபட்ட கட்டடங்களைப் பிடிக்கிறார்கள். மூன்றாவது கோளாறு பெரியது: வரியை ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்டுவிட்டு ஒரே நாளில் ஏற்றுவது.

சென்னையின் பழைய பகுதிகளில் 1998-க்குப் பிறகும், மற்ற ஊர்களில் 2008-க்குப் பிறகும் பொதுச் சீராய்வு நிலைக்கவில்லை. 2018-இல் உயர்த்தினார்கள், எதிர்ப்பு வந்தது, 2019-இல் நிறுத்திவைத்தார்கள். அதிகமாகக் கட்டியவர்களுக்கு அடுத்தடுத்த அரையாண்டுகளில் ஈடுசெய்ய வேண்டியதாயிற்று. பிறகு 2022 ஏப்ரலில் ஒரேயடியாக உயர்வு வந்தது. சென்னையின் பழைய பகுதியில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 150 சதவீதம். மற்ற ஊர்களில் அதே அளவுகளுக்கு 25-உம் 100-உம். இருபத்துநான்கு ஆண்டு விலைவாசியோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகையே அல்ல. ஆனால் ரசீதைக் கையில் வாங்குபவருக்கு அது ஒரே நாளில் விழுந்த அடி. ஆண்டுதோறும் சிறிதாக ஏற்றும் முறைக்கு அரசு அதன்பின் வந்தது இதனால்தான். 15-ஆவது மத்திய நிதிக்குழுவும் ஒரு நிபந்தனை வைத்திருந்தது: சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும், வசூல் மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்றபடி கூட வேண்டும். இல்லையென்றால் நகரங்களுக்கான மானியம் இல்லை.

வருவாய்ப் பிரிவில் எல்லோரும் பார்க்கும் தாள் ஒன்று உண்டு. கேட்பு, வசூல், நிலுவை என்று மூன்று பத்திகள் இருக்கும். கேட்பு என்பது கட்டப்பட வேண்டிய மொத்தம். அதில் நடப்பு ஆண்டு வேறு, பழைய பாக்கி வேறு. நகராட்சி கடன் வாங்கும் தகுதி உள்ளதா என்பதை நூறு பக்க வரவுசெலவுத் திட்டத்தைவிட இந்த ஒரு தாள் நன்றாகச் சொல்லும்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஊரில் 20,000 வரி விதிப்புகள். சராசரி அரையாண்டு வரி ₹1,500. ஆண்டுக் கேட்பு ₹6 கோடி. வசூல் 70 சதவீதம் என்றால் கைக்கு வருவது ₹4.2 கோடி. வரி விகிதத்தைத் தொடாமல் வசூலை மட்டும் 90 சதவீதமாக்கினால் ₹5.4 கோடி. கூடுதல் ₹1.2 கோடி. இப்போது கடன் கணக்கு: 8.5 சதவீத வட்டியில் 15 ஆண்டுக்குச் சம தவணையில் வாங்கும் ஒவ்வொரு கோடிக்கும் ஆண்டுக்குச் சுமார் ₹12 லட்சம் கட்ட வேண்டும். அப்படியானால் அந்த ₹1.2 கோடி, பத்துக் கோடி ரூபாய்க் கடனைத் தாங்கும். எந்தக் கடன்காரரும் முழுவதையும் கணக்கில் எடுக்க மாட்டார். தவணையைப் போல ஒன்றரை மடங்கு வருமானம் இருக்க வேண்டும் என்று கேட்டால், ஆறரைக் கோடி கிடைக்கும். பில் கலெக்டர் இடங்களை நிரப்பாமல் காலியாக வைத்துச் சம்பளம் மிச்சம் பிடிக்கும் நகராட்சி இழப்பது இந்த ஆறரைக் கோடியைத்தான்.

நிலுவையை வசூலிக்க அறிவிப்பு, ஜப்தி, குடிநீர் இணைப்புத் துண்டிப்பு, வழக்கு என்று சட்டத்தில் படிகள் உண்டு. சிறு வீடுகளை விரட்டுவதைவிட, நிலுவைப் பட்டியலின் முதல் நூறு பெயர்களைப் பிடிப்பது பலன் தரும். அங்கே திருமண மண்டபங்களும், நீதிமன்றத்தில் தடை வாங்கிய வணிக வளாகங்களும், அரசு அலுவலகங்களும் இருக்கும். மத்திய அரசுக் கட்டடங்களுக்குச் சொத்து வரி போட அரசியலமைப்பின் 285-ஆவது பிரிவு தடை. அவற்றிடம் சேவைக் கட்டணம் மட்டுமே கேட்கலாம். அதையும் கேட்டு எழுதினால்தான் வரும்.

மற்ற சொந்த வருவாய்

தொழில் வரிக்கு அரசியலமைப்பே உச்சவரம்பு வைத்திருக்கிறது: ஒருவருக்கு ஆண்டுக்கு ₹2,500. 1988-இல் வைத்த இந்த வரம்பு இன்றும் அப்படியே இருக்கிறது. அதனால் புது ஆட்களைப் பதிவில் சேர்த்தால் கூடுமே தவிர, விகிதத்தை ஏற்றி வளர்க்க முடியாது. காலிமனை வரி, தொழில் உரிமக் கட்டணம், விளம்பரப் பலகைக் கட்டணம், பேருந்து நிலையக் கட்டணம், வாகன நிறுத்தக் கட்டணம் எல்லாம் உண்டு. சிறு நகராட்சிகளில் கடை வாடகை கணிசமானது. அங்கே வழக்கமான நோய்: ஏலத்தில் எடுத்தவர் குறைந்த வாடகைக்கு வைத்துக்கொண்டு பல மடங்குக்கு உள்வாடகை விடுவார், அதற்கும் நகராட்சிக்குப் பாக்கி வைப்பார்.

நிலம் கைமாறும்போது பத்திரப்பதிவில் கட்டும் 7 சதவீதத்தில் 5 சதவீதம் முத்திரைத்தீர்வை, 2 சதவீதம் சொத்து மாற்றத்தின் மீதான மேல்வரி. அந்த 2 சதவீதம் உள்ளாட்சிக்கு உரியது. மனை வியாபாரம் சூடாக இருக்கும் ஆண்டில் இது குபுகுபுவென்று வரும், அடுத்த ஆண்டு வற்றிவிடும். இதை நம்பி நிரந்தரச் செலவு எதையும் தொடங்கக் கூடாது.

ஜிஎஸ்டியில் நகராட்சிக்கென்று நேரடிப் பங்கு கிடையாது. 2017-க்கு முன் மும்பை போன்ற நகரங்களை வாழவைத்த நுழைவு வரியும் போய்விட்டது. சொத்து வரி இன்னும் முக்கியமானதற்கு அது ஒரு காரணம்.

மானியம்: இனிப்பும் நிபந்தனையும்

மாநில நிதிக்குழுவின் பரிந்துரைப்படி, தமிழ்நாடு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பகிர்கிறது. அது ஊரகம், நகரம் என்று பிரிந்து, பிறகு மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று பிரிகிறது. மாதாமாதம் வரும் இந்தப் பகிர்வு நிதி கைக்கு வருமுன்பே மின்வாரியப் பாக்கி, குடிநீர் வடிகால் வாரியப் பாக்கி, பழைய கடன் தவணை என்று பிடித்தம் போகலாம். பிடித்தம் போக என்ன வந்தது என்று கேட்க வேண்டும். ஒதுக்கீட்டை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம்.

மத்தியத் திட்டங்களில் பங்குத்தொகை உண்டு. நகரக் குடிநீர், கழிவுநீர்ப் பணிகளுக்கான அம்ருத் 2.0-இல் ஒரு லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட ஊருக்கு மத்திய அரசு திட்டச் செலவில் பாதி தருகிறது. ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வரை மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் கால் பங்கு. மீதியை மாநிலமும் நகராட்சியும் போட வேண்டும். நகராட்சி தன் பங்கைக் கண்டுபிடிக்க முடியாமல் நிற்கும்போது திட்டமும் நிற்கும், செலவும் ஏறும். அந்தப் பங்குக்காகவே கடன் வாங்கும் ஊர்கள் உண்டு.

மானியத்தின் பெரிய ஆபத்து கட்டி முடித்த பிறகு வெளிப்படும். கட்டுவதற்குப் பணம் தந்தவர் இயக்குவதற்குத் தருவதில்லை. கழிவுநீர் உந்துநிலையத்தின் மின்கட்டணம், ஆபரேட்டர் சம்பளம், மோட்டார் பழுது எல்லாம் நகராட்சி தலையில் விழும். “இலவசமாக” வந்த நவீன எரிமேடையும், கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் கலனும் பூட்டிக் கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். திட்டத்தை ஏற்கும் தீர்மானத்திலேயே ஆண்டு இயக்கச் செலவு எவ்வளவு, எந்த நிதியிலிருந்து என்ற இரண்டு வரிகள் இருக்க வேண்டும்.

மக்களிடமே முன்பணம்: ஆலந்தூர்

சென்னையை ஒட்டிய ஆலந்தூர் 2011-இல் மாநகராட்சியோடு இணையும் முன் தனி நகராட்சியாக இருந்தது. 1990-களின் பிற்பகுதியில் அங்கே பாதாளச் சாக்கடை போட முடிவெடுத்தார்கள். மதிப்பீடு சுமார் ₹34 கோடி. அந்த அளவு நகராட்சிக்கு அது தாங்காத தொகை. வீட்டு இணைப்புக்கு ₹5,000, வணிக இணைப்புக்கு ₹10,000 என்று குழி தோண்டுமுன்பே மக்களிடம் முன்வைப்புத் தொகை வாங்கினார்கள். மாதக் கட்டணமாக வீட்டுக்கு ₹150 என்று முன்கூட்டியே பேசி வைத்தார்கள். மீதிக்குக் கடனும் மானியமும். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை மட்டும் தனியார் முதலீட்டில் கட்டி, இயக்கி, பின் ஒப்படைக்கும் ஒப்பந்தமாகக் கொடுத்தார்கள்.

அன்றைக்கு ₹5,000 சின்னத் தொகையல்ல. அப்படியும் மக்கள் கொடுத்ததற்குக் காரணங்கள் உண்டு. ஒவ்வொரு வீடும் செப்டிக் டேங்க் லாரிக்கும் கொசுவுக்கும் ஏற்கெனவே செலவழித்துக்கொண்டிருந்தது. முதலில் ஆய்வு நடத்தி, எத்தனை பேர், எவ்வளவு கொடுப்பார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். குடியிருப்போர் நலச் சங்கங்கள் வீடு வீடாகப் போய்ப் பேசின. வாங்கிய பணம் திட்டத்துக்கென்று தனியாக வைக்கப்பட்டது.

இதே முறையை வேறு ஊரில் செய்யும்போது எங்கே சறுக்கும்? முன்வைப்புத் தொகையை வாங்கிப் பொதுக் கணக்கில் போட்டுச் சம்பளம் கொடுத்துவிட்டால் அத்தோடு நம்பிக்கை போகும். வாங்கி மூன்று ஆண்டு கழித்தும் குழாய் வரவில்லை என்றால் அடுத்த தெரு கொடுக்காது. வாடகைக்கு இருப்பவரிடம் கேட்பதா, உரிமையாளரிடமா என்று முதலிலேயே சொல்லாவிட்டால் இருவருமே நழுவுவார்கள். ஏழைக் குடும்பங்களுக்குத் தவணை வேண்டும். இல்லையென்றால் பிரதானக் குழாய் தெருவில் ஓடும், வீட்டு இணைப்பு இருக்காது. இணைப்பு குறைந்தால் மாதக் கட்டணம் குறையும், கடன் தவணை மட்டும் குறையாது. தமிழ்நாட்டில் பல பாதாளச் சாக்கடைத் திட்டங்கள் சிக்கிக்கொண்டது இங்கேதான். பத்தாயிரம் இணைப்பு என்று திட்டமிட்டால் மாதம் ₹150 வீதம் ஆண்டுக்கு ₹1.8 கோடி. அதில் ஆறாயிரம் வீடுகளே இணைந்தால் ₹1.08 கோடி. மின்கட்டணத்தையும் பணியாளர் சம்பளத்தையும் கொடுத்த பிறகு தவணைக்கு எவ்வளவு மிஞ்சும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

கடன், கடன் பத்திரம்

நகராட்சி தன் விருப்பப்படி கடன் வாங்க முடியாது. 1914-ஆம் ஆண்டின் உள்ளாட்சிக் கடன் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மன்றத் தீர்மானமும் மாநில அரசின் அனுமதியும் தேவை. தமிழ்நாட்டில் வழக்கமான கதவுகள் இரண்டு: 1990-இல் தொடங்கிய மாநில அரசின் நகர்ப்புற நிதி நிறுவனமான டுஃபிட்கோ, 1996-இல் தனியார் நிதி நிறுவனங்களையும் சேர்த்து அறக்கட்டளையாக மாற்றப்பட்ட தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம். உலக வங்கி, ஜெர்மனியின் வளர்ச்சி வங்கியான கேஎஃப்டபிள்யூ ஆகியவற்றின் பணமும் பெரும்பாலும் இப்படி மாநில வாயில் வழியாகத்தான் ஊருக்குள் வருகிறது. பகிர்வு நிதியில் நேரடியாகப் பிடித்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு இருப்பதால் கடன் கொடுப்பவருக்குத் தூக்கம் வரும்.

கடன் பத்திரம் என்பது ஒரே வங்கியிடம் வாங்காமல் பல முதலீட்டாளர்களிடம் வாங்கும் கடன். அவ்வளவுதான். “பத்திரம் வெளியிட்டு நிதி திரட்டினோம்” என்று செய்தி வரும்போது அதை வருமானம் என்று எண்ணிவிடக் கூடாது.

மாநில உத்தரவாதம் இல்லாமல் இந்தியாவில் முதலில் பத்திரம் வெளியிட்டது அகமதாபாத் மாநகராட்சி. 1998 ஜனவரியில், ₹100 கோடி, குடிநீர்த் திட்டத்துக்காக. அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதுதான் பாடம். நஷ்டத்தில் ஓடிய அந்த மாநகராட்சி 1994 முதல் நுழைவு வரி, சொத்து வரி வசூலைச் சீர்செய்து உபரிக்கு வந்தது, கடனைத் திருப்பும் தகுதிக்கான தரமதிப்பீட்டை 1996-இல் வாங்கியது, பிறகுதான் சந்தைக்குப் போனது. மதுரை மாநகராட்சி 2001-இல் ₹30 கோடிக்குப் பத்திரம் வெளியிட்டது. உள்வட்டச் சாலைக்காக ஏற்கெனவே வாங்கிய கடனை மாற்றிக்கொள்ள. திருப்பிச் செலுத்த அந்தச் சாலையின் சுங்கக் கட்டணம் ஆதாரமானது.

சிறிய ஊர்கள் என்ன செய்வது? இரண்டு கோடி தேவைப்படும் நகராட்சி பங்குச் சந்தைக்குப் போனால் வழக்குரைஞர், தரமதிப்பீட்டு நிறுவனம், முதலீட்டாளர் நலனைக் காக்கும் பத்திர அறங்காவலர் ஆகியோரின் கட்டணத்திலேயே கரைந்துவிடும். இதற்குத் தமிழ்நாடு கண்ட வழி கூட்டு நிதி. 13 சிறு நகர உள்ளாட்சிகளின் குடிநீர், சுகாதாரத் திட்டங்களை ஒரே மூட்டையாகக் கட்டி, குடிநீர் மற்றும் சுகாதாரக் கூட்டு நிதியம் என்ற அமைப்பின் பெயரில் சுமார் ₹30 கோடிக்கு 15 ஆண்டுப் பத்திரம் வெளியிட்டார்கள். வட்டி 9.2 சதவீதம். அதற்குப் பாதுகாப்பு அடுக்கடுக்காக இருந்தது: நகராட்சிகளின் வருவாய் முதலில் தனிக் கணக்கில் விழும், குறைந்தால் ஒதுக்கி வைத்த இருப்புத் தொகை, அதுவும் போதாவிட்டால் மாநிலம் பகிர்வு நிதியில் பிடித்துத் தரும், கடைசியாக அசலில் பாதிக்கு அமெரிக்க உதவி நிறுவனத்தின் உத்தரவாதம்.

2015-இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி இதற்கென்று விதிகளைக் கொண்டுவந்த பிறகு வேகம் கூடியது. சிறு முதலீட்டாளர்களும் வாங்கும்படி இந்தூர் மாநகராட்சி 2023 பிப்ரவரியில் ₹244 கோடிக்குப் பசுமைப் பத்திரம் (சுற்றுச்சூழலுக்கு உகந்த திட்டத்துக்கான பத்திரம்) வெளியிட்டது. நர்மதையிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் ஏற்றும் மின்கட்டணத்தைக் குறைக்க 60 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைப்பது நோக்கம். திட்டமே செலவை மிச்சம் பிடித்துத் தவணைக்கு வழி செய்கிறது என்பதால் இது நல்ல பொருத்தம். பெருநகர சென்னை மாநகராட்சி 2025-இல் ₹200 கோடிக்கு வெளியிட்ட பத்திரம் இன்னொரு வகை. பணம் கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதி மழைநீர் வடிகாலுக்கு, வட்டி 7.97 சதவீதம். மழைநீர் வடிகாலுக்கு யாரும் கட்டணம் கட்டப் போவதில்லை. அதன் தவணையை மாநகராட்சியின் பொது வருவாய்தான் தாங்க வேண்டும்.

பத்திரம் வெளியிட நினைக்கும் நகராட்சி கடக்க வேண்டியவை ஏறக்குறைய இந்த வரிசையில் வரும். இரட்டைப் பதிவு முறையில் மூன்று ஆண்டுத் தணிக்கை முடிந்த கணக்குகள். பல ஊர்கள் இங்கேயே நின்றுவிடும். பிறகு தரமதிப்பீடு, முதல் முறை கிடைக்கும் மதிப்பெண்ணை வெட்கப்படாமல் படித்துப் பார்த்து, எங்கே குறை என்று திருத்திவிட்டு மறுபடி போகலாம். மன்றத் தீர்மானம், அரசு அனுமதி. எஸ்க்ரோ கணக்கு: சொத்து வரியோ கட்டணமோ முதலில் அங்கே விழுந்து, தவணைக்கு உரியது ஒதுங்கிய பின்பே மீதி நகராட்சிக்கு வரும். அறங்காவலர் நியமனம், விற்பனை, சந்தையில் பட்டியலிடல். ₹100 கோடிக்கு ₹13 கோடி வீதம் மத்திய அரசு ஊக்கத்தொகை கொடுத்ததால், முதல்முறை இறங்கிய பெரிய நகரங்களுக்கு உண்மையான வட்டிச் சுமை வெகுவாகக் குறைந்தது.

தவறுகள்? நிலம் கையகப்படுத்தாமல், டெண்டர் விடாமல் முதலில் பணத்தைத் திரட்டுவது. 8 சதவீதத்துக்கு வாங்கிய ₹200 கோடியை 6.5 சதவீத வைப்புநிதியில் ஓராண்டு போட்டுவைத்தால் ₹3 கோடி வீண். அடுத்தது, வட்டியை மட்டும் கட்டிவந்து அசலைக் கடைசி ஆண்டில் மொத்தமாகக் கட்டலாம் என்று விடுவது. பத்தாம் ஆண்டில் இருக்கப்போவது வேறு மேயர், வேறு ஆணையர். ஆண்டுதோறும் அசலுக்கென்று ஒரு பங்கை ஒதுக்கும் கடன்தீர் நிதி இல்லாவிட்டால் அவர்கள் புதுக் கடன் வாங்கிப் பழையதை அடைப்பார்கள். மூன்றாவது, பொருளின் ஆயுளைவிடக் கடனின் ஆயுள் நீள்வது. நாற்பது ஆண்டு நிற்கும் குழாய்க்கு 15 ஆண்டுக் கடன் நியாயம். ஐந்தாண்டில் பெயரும் தார்ச்சாலைக்கு 15 ஆண்டுக் கடன் வாங்கினால், இல்லாத சாலைக்குப் பத்தாண்டு தவணை கட்ட வேண்டும்.

தனியாரும் நிலமும்

தனியார் முதலீட்டில் கட்டினால் நகராட்சிக்குச் செலவே இல்லை என்பது தவறான கணக்கு. நிறுவனம் போட்ட முதலை மக்கள் கட்டும் கட்டணத்திலிருந்தோ, நகராட்சி ஆண்டுதோறும் தரும் தொகையிலிருந்தோ வட்டியோடும் லாபத்தோடும் எடுக்கும். அரசுக் கடனைவிடத் தனியார் முதலின் விலை அதிகம். பதிலுக்குக் கிடைக்க வேண்டியது திறமையும், தாமதத்தின் சுமையை நிறுவனம் ஏற்பதும். ஒப்பந்தத்தில் படிக்க வேண்டிய பகுதி ஒன்றுதான்: பயன்பாடு எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் இழப்பு யாருக்கு? “குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை” என்று ஒரு வரி இருந்தால், இழப்பு நகராட்சிக்கு.

வளரும் நகரத்தில் நிலத்தின் விலை ஏறுவதே ஒரு நிதி ஊற்று. தமிழ்நாட்டில் 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளில் 10 சதவீதம் பொதுவெளியாக விட வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை இடத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டவும் வழி உண்டு. அந்தப் பணத்தில் பூங்காவுக்கு இடம் வாங்குவதே நோக்கம். கூடுதல் தளப்பரப்புக்கான கட்டணம், உள்கட்டமைப்புக் கட்டணம் போன்றவற்றைப் பெரும்பாலும் திட்டக் குழுமம் வசூலிக்கிறது. கட்டடம் எழும்புவதால் சாக்கடைக்கும் சாலைக்கும் ஏற்படும் பாரம் மாநகராட்சிக்கு. கட்டணம் முதலில் போவது வேறு கணக்குக்கு. நம் நகர நிர்வாகத்தில் சரிசெய்ய வேண்டிய இடங்களில் இதற்கு முதல் வரிசை கொடுக்கலாம். நகராட்சி தன் நிலத்தையே விற்பது ஒருமுறை வருமானம். அதை இன்னொரு நிரந்தரச் சொத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும்.

சிறிய பணிகளுக்கு

வகுப்பறை, பூங்கா, குளம் தூர்வாருதல் போன்ற சில லட்ச ரூபாய் வேலைக்குப் பத்திரமும் கடனும் தேவையில்லை. நகர்ப்புற நமக்கு நாமே திட்டத்தில் பெரும்பாலான பணிகளுக்கு மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால் மீதியை அரசு தரும். ₹9 லட்சம் வேலைக்குத் தெருக்காரர்கள் ₹3 லட்சம் திரட்ட வேண்டும். ஆணையரிடம் விண்ணப்பித்து, பொறியாளரிடம் மதிப்பீடு வாங்கி, பங்குத்தொகையை வரைவோலையாகக் கட்டினால் வேலை எடுக்கப்படும். இடம் நகராட்சிக்குச் சொந்தமா என்பதை முதலில் பாருங்கள். பாதி விண்ணப்பங்கள் புறம்போக்கு வகைப்பாட்டில் சிக்கும். இதில் உள்ளார்ந்த சாய்வு ஒன்று உண்டு: பணம் திரட்டத் தெரிந்த வசதியான தெருவுக்கே அரசுப் பணமும் போய்ச் சேரும். அதனால் இது துணை வழியாகவே இருக்க வேண்டும்.

சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ₹3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு ₹5 கோடி. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும் உண்டு. ஆண்டு லாபம் ₹5 கோடி போன்ற வரம்புகளைத் தாண்டிய நிறுவனம் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம். இவற்றைக் கேட்கும்போது மதிப்பீடு, வரைபடம், நில உரிமைச் சான்று, பராமரிப்பை நகராட்சி ஏற்கும் என்ற கடிதம் ஆகிய நான்கும் கையில் இருந்தால் பேச்சு வேகமாக முடியும்.

ஏரியா சபைக் கூட்டத்திலோ வார்டுக் குழுவிலோ “நிதி இல்லை” என்று பதில் வந்தால் கேட்கக்கூடியவை சில உண்டு. கடந்த மூன்று ஆண்டுகளின் கேட்பு, வசூல், நிலுவை எவ்வளவு. பிடித்தம் போக மாதாமாதம் வரும் பகிர்வு நிதி எவ்வளவு. வருவாய் நிதியில் ஆண்டு முடிவில் மிஞ்சுவது எவ்வளவு. இருக்கும் கடன்களின் தவணை எவ்வளவு, எந்த ஆண்டில் முடிகிறது. மிச்சம் இருக்கிறது, பழைய கடன் இரண்டு ஆண்டில் தீர்கிறது என்றால் புதுத் திட்டத்துக்கான விரிவான அறிக்கையை இப்போதே தயாரிக்கச் சொல்லலாம். அதைத் தயாரிக்கவே சில மாதங்கள் ஆகும். மிச்சமே இல்லை என்றால் அடுத்த கேள்வி, நிலுவைப் பட்டியலின் முதல் நூறு பெயர்கள்.